பதினாலு உதறு

"பதினொண்ணு... பன்னெண்டு... பதிமூணு..."

நான் பிட்டர்ஸ்ங்கற கசப்புச் சாறு பாட்டிலைக் கவுத்துப் புடிச்சு உதறிட்டிருக்கேன், பக்கத்துல சித்தப்பா நின்னு வாய்விட்டு எண்ணிட்டிருக்கார். பதினாலு ஆனதும் நிறுத்தினேன். "இன்னாடா இது, கைக்குழந்தைக்கு மருந்து ஊத்துற மாதிரி எண்ணி எண்ணி ஊத்துற, இதுல சரக்கு எப்போ வரும்?"னார். சரக்கு ஏற்கெனவே கிளாஸ்ல இருக்கு சித்தப்பா, அடியில தெரியுதே அதுதான்னேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் குனிஞ்சு பார்த்தார். 30 எம்எல். ஸ்மால் பெக். "இது யாருக்கு, எறும்புக்கா?"

சித்தப்பாவுக்கு எழுபத்தி நாலு வயசு. அல்சூர்ல சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னாடி, ரெண்டு ஸ்கூட்டர் எதிரெதிரா வந்தா ஒண்ணு ரிவர்ஸ் எடுத்தே ஆகணுங்கற மாதிரி ஒரு சந்துல அவர் வீடு. ஃபேக்டரியில லேத் மெஷின்ல நின்னே ரிட்டயர் ஆனவர், அதனால அளவுன்னா அவருக்கு உசிரு, ஆனா சரக்கு விஷயத்துல மட்டும் அளவு கிடையாது, கண்ணுதான் அளவு. சாயங்காலம் ஏழரைக்கு ஒரு குவார்ட்டர், சொம்புல தண்ணி, வறுத்த கடலை, அவ்வளவுதான் அவரோட காக்டெயில் அறிவு. நான் டொம்லூர்ல இருக்கேன், மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை இங்க வந்துடுவேன். இந்த தடவ பைல ரெண்டு பாட்டிலும் ஒரு சின்ன பொட்டலமும் கொண்டு போனேன்.

எப்படி இந்தக் கிறுக்கு புடிச்சதுன்னு சொல்லிடறேன். ஆபீஸ்ல ஒருத்தன் வேலையை விட்டுட்டுப் போறான்னு இந்திராநகர்ல ஒரு மொட்டைமாடி பாருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மெனு கார்டுல "சீல்பாக், 1917ல பொறந்த கிளாசிக்"னு போட்டு, கீழ விஸ்கி, மேல ஷாம்பெயின்னு இருந்துச்சு. விஸ்கியில ஷாம்பெயினான்னு நக்கலாத்தான் ஆர்டர் பண்ணேன். வந்தது பாருங்க, ஒல்லியா ஒசரமா ஒரு கிளாஸ், செம்பருத்திப்பூவைத் தண்ணியில ஊறப் போட்ட மாதிரி ஒரு கலர், மேல ஆரஞ்சுத் தோலு வாசனை, முதல் வாய் கசப்பு, அடுத்த நொடி அந்தக் கசப்பைக் குமிழி தூக்கிட்டுப் போயிடுது, கடைசியில தொண்டையில வெண்ணிலாவும் கருகின சர்க்கரையுமா போர்பன்ங்கற அமெரிக்க விஸ்கி நிக்குது. பில்லைப் பார்த்ததும் அந்தக் கசப்பு திரும்ப வந்துச்சு, அது வேற. அன்னைக்கே முடிவு பண்ணேன், இதை வீட்டுல பண்ணிடணும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 30 எம்எல் போர்பன், 15 எம்எல் குவான்ட்ரோ (ஆரஞ்சு வாசனையுள்ள இனிப்பு சரக்கு), அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் ஏழு உதறு, பேஷோ பிட்டர்ஸ் ஏழு உதறு, இதையெல்லாம் கிளாஸ்லயே ஒரு கலக்கு கலக்கிட்டு மேல 150 எம்எல் நல்லா ஜில்லுன்னு ஸ்பார்க்ளிங் ஒயின். அப்புறம் ஆரஞ்சுத் தோலை ஒரு சீவு சீவி, கிளாஸ் மேல புடிச்சு முறுக்குனா தோல்ல இருக்கற எண்ணெய் தெறிக்கும், அதோட சரி. சிம்பிளுன்னு சொன்னேனே தவிர நான் முதல் தடவ பண்ணப்போ எல்லாத்தையும் மொத்தமா ஒரு தண்ணி பாட்டில்ல ஊத்தி, மூடி, சினிமால பார் காட்சியில காட்டுவாங்களே அந்த ஸ்டைல்ல குலுக்கினேன். மூடி எங்க போச்சுன்னு இன்னி வரைக்கும் தெரியாது. சீலிங்ல செவப்பா ஒரு கோடு, ஃபேன் இறக்கையில புள்ளி புள்ளியா கறை. எப்படியும் காலி பண்ணும்போது பெயின்ட்டிங் சார்ஜுன்னு ஓனர் ஒரு மாச வாடகையைப் புடிச்சுக்கத்தான் போறார், அட்லீஸ்ட் இப்போ அதுக்கு ஒரு காரணம் இருக்கட்டும்.

ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ள கிட்டத்தட்ட ஆறு அட்மாஸ்பியர் பிரஷர் இருக்குமாம், அதாவது நம்ம கார் டயர்ல காத்தடிச்சு வெச்சிருக்கறதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. ஒயினைப் பாட்டில்ல அடைச்சு, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு மூடிடறாங்க, உள்ளயே ரெண்டாவது தடவ புளிக்குது, வர்ற கார்பன் டை ஆக்சைடு வெளிய போக வழியில்லாம ஒயினுக்குள்ளயே கரைஞ்சு நிக்குது. இட்லி மாவைப் பாத்திரம் நிறைய ஊத்தி மூடி வெச்சுட்டு ராத்திரி தூங்கிப் போனவங்களுக்கு இந்த சயின்ஸ் தனியா சொல்ல வேண்டாம். ஜில்லுன்னு இருந்தா கேஸ் கரைஞ்சே இருக்கும், சூடாயிட்டா பிச்சுக்கிட்டு வந்துடும், அதனால ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு மணி நேரமாவது கிடக்கணும். நிஜ ஷாம்பெயின் ஃபிரான்ஸ்ல அந்த ஷாம்பெயின் ஏரியாவுல பண்ணாத்தான் அந்தப் பேரு, அதை வாங்கி 30 எம்எல் விஸ்கி மேல ஊத்தறதுக்கு நமக்கு மனசும் வராது பேங்க் பேலன்ஸும் வராது. நாசிக்ல பண்ற ப்ரூட், அதாவது இனிப்பு ரொம்பக் கம்மியான ஸ்பார்க்ளிங் ஒயின் போதும், சுலாவோ ஷான்டானோ, ப்ரூட்னு போட்டிருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க, ஏன்னா இனிப்புக்கு குவான்ட்ரோ இருக்கு, ஒயினும் இனிச்சா பாயசமாயிடும்.

விஸ்கியில மட்டும் காம்ப்ரமைஸ் முடியாது. ட்ரை பண்ணிப் பார்த்துட்டுதான் சொல்றேன், சித்தப்பாவோட வழக்கமான பிராண்டையே ஊத்திப் பார்த்தோம், எங்கயோ காணாம போச்சு. நம்ம ஊரு சாதா விஸ்கியில பெரும்பாலும் கரும்பு மொலாசஸ்ல வடிச்ச ஸ்பிரிட்தான் கலந்திருக்கும், போர்பன் அப்படி இல்ல, பாதிக்கு மேல, அதாவது குறைஞ்சது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்கணும், உள்பக்கம் தீயில கருக்கின புது ஓக் பீப்பாயில ஊற வைக்கணும்னு அமெரிக்கச் சட்டமே இருக்கு. அந்தக் கருகின மரத்துல இருந்துதான் வெண்ணிலா வாசனை வருது. அது இல்லாட்டி பதினாலு உதறு கசப்பை எதிர்த்து நிக்க உள்ள ஆளே இல்ல.

இந்த பிட்டர்ஸ் கதை தனி. அங்கோஸ்டுரா சுலபமா கிடைச்சுது, பாட்டிலை விட ஒசரமான லேபிளை ஒட்டி, சின்னப் பையன் அண்ணன் சட்டையைப் போட்டுட்டு நிக்கற மாதிரி ஒரு பாட்டில். 1824ல வெனிசுவேலாவுல, சிமோன் பொலிவாரோட படையில டாக்டரா இருந்த சீகெர்ட்னு ஒரு ஜெர்மன்காரர் வயித்துக் கோளாறுக்குப் பண்ணின மருந்து இது, அங்கோஸ்டுராங்கறது அவர் இருந்த ஊரோட அப்போதைய பேரு. பேஷோவும் மருந்துக்கடைக்காரர் சரக்குதான், நியூ ஆர்லியன்ஸ்காரர், செவப்பா, சோம்பு வாசனையோட இருக்கும். இதுதான் பெங்களூர் பூரா தேடியும் எனக்கு அகப்படல. சரி நாமளே பண்ணிடுவோம்னு வோட்காவுல சோம்பு, அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோலு, கசப்புக்கு நிலவேம்பு, கலருக்கு ரெண்டு துண்டு பீட்ரூட் எல்லாம் போட்டு ஹார்லிக்ஸ் பாட்டில்ல பத்து நாள் வெச்சேன். ஒரு சொட்டு நாக்குல வெச்ச சித்தப்பா, "ஓமவாட்டர்ல வேப்பங்கொழுந்தை அரைச்சுப் போட்டாப்ல இருக்குடா, போதும்"னு எந்திரிச்சுப் போயி வாய் கொப்புளிச்சார். நிலவேம்பைக் கைப்பிடி அளவு போட்டது என் தப்பு. கடைசியில நியூ ஜெர்சியில இருந்து லீவுக்கு வந்த ஃபிரண்டு ஒருத்தன், அம்மாவுக்கு வாங்கின விட்டமின் மாத்திரைகளுக்கு நடுவுல சொருகி ஒரு பாட்டில் கொண்டு வந்தான். அதுதான் அந்தப் பொட்டலம்.

சித்திக்கு இந்த விஷயமே புடிக்காது. ஹால்ல நாங்க உக்காந்தா கிச்சன் கதவைச் சாத்திக்குவாங்க. ஆனா தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் மூட்டுவலிக்குன்னு ரெண்டு மூடி தசமூலாரிஷ்டம் குடிப்பாங்க, அதோட லேபிள்லயே உள்ள தானா உண்டாகற ஆல்கஹால் இருக்குன்னு போட்டிருக்கு, நான் ஒரு தடவ படிச்சுக் காட்டினேன். "அது மருந்து"ன்னுட்டாங்க. அங்கோஸ்டுராவும் மருந்துதான் சித்தின்னேன். பதில் வரல, குக்கர் விசில் மட்டும் வந்துச்சு.

அன்னைக்குக் கிளாஸ் எடுக்கும்போது ஒரு விஷயம் நடந்துச்சு. ஒல்லி கிளாஸ் வீட்டுல இல்ல, யாரோ கல்யாணத்துக்குக் குடுத்த ஜூஸ் கிளாஸ் நாலு ஷோகேஸ்ல இருந்துச்சு. கழுவிட்டு வந்து வெச்சேன், சித்தப்பா விடல. பழைய வேட்டியைக் கிழிச்சு மடிச்சு வெச்ச ஒரு துணி, அதை எடுத்துக்கிட்டு, கிளாஸுக்குள்ள ஹாஆன்னு ஒரு தடவ ஊதினார், துணியை விட்டு கட்டைவிரலை உள்ளயும் மத்த விரலை வெளியவும் வெச்சு மூணு சுத்து, அப்புறம் டியூப்லைட்டுக்கு எதிர்ல தூக்கிப் புடிச்சு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், எங்கயோ ஒரு புள்ளி தெரிஞ்சுது போல, திரும்ப ஹாஆ. நாலு கிளாஸுக்கும் இதே. "எங்கப்பா கைப்பழக்கம்டா"ன்னார். எங்க தாத்தா.

தாத்தா கதை எங்க குடும்பத்துல எல்லாருக்கும் மனப்பாடம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமத்துல கள்ளுக்கடையில எடுபிடியா இருந்திருக்கார். அப்போ கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாவுல இருந்துச்சு. 1937ல ராஜாஜி முதல்முதல்ல மதுவிலக்கைக் கொண்டு வந்தது அந்த சேலம் ஜில்லாவுலதான், கடை மூடிட்டாங்க, தாத்தாவுக்கு வேலை போச்சு, பொழைக்க பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு வந்துட்டார். இங்க வெள்ளைக்காரன் ஆட்சி, மெஸ்ஸும் கிளப்பும் ஓட்டலுமா பாட்டில் திறந்துட்டே இருந்த ஊரு. ஒரு பெரிய ஓட்டல்ல சேர்ந்து, படிப்படியா ஒயின் பட்லர் ஆகி, யுத்த சமயத்துல ஒரு மேஜர் துரைக்கு விஸ்கியில இஞ்சிச் சாறு, எலுமிச்சம்பழம், இன்னும் என்னமோ ரகசியமா ஒண்ணு கலந்து குடுப்பாராம். துரை அது இல்லாம தூங்க மாட்டாராம். ஊருக்குத் திரும்பிப் போறப்போ டைரியில எழுதி வாங்கிட்டுப் போனாராம், லண்டன்ல எங்கயோ ஒரு கிளப்புல இன்னைக்கும் அது நடக்குதாம். அப்பா கிட்ட இதைப் பத்திக் கேட்டா மட்டும் "சித்தப்பாவைக் கேளு"ன்னுட்டு பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு முன்னாடி வெச்சுக்குவார். அது ஏன்னு எனக்கு அப்போ தோணல. இந்தக் கதையை நான் ஆபீஸ் பார்ட்டியில எத்தனை தடவ சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல.

சரி, பாட்டில். சித்தப்பா தானே திறப்பேன்னார். மேட்ச் ஜெயிச்சவன் மாதிரி ஆட்டப் போனார், புடுங்கிட்டேன். கம்பியை முறுக்கிக் கழட்டறதுல இருந்தே கட்டைவிரல் கார்க் மேல இருக்கணும், அப்புறம் கார்க்கை அசையாம புடிச்சுக்கிட்டுப் பாட்டிலை மட்டும் திருப்பணும், கார்க் தானா வெளிய தள்ளிட்டு வரும், அதை எதிர்த்து அமுக்கிப் புடிச்சா "புஸ்"னு ஒரு பெருமூச்சு மட்டும்தான் வரும். நான் செஞ்சு காட்டினேன், அதுவும் அப்படியே வந்துச்சு. சித்தப்பாவுக்கு ஏமாத்தம். "சத்தமே இல்லாம இதென்னடா, தீபாவளிக்கு நமுத்த பட்டாசு."

கிளாஸைச் சாய்ச்சுப் புடிச்சு ஓரமா ஊத்தணும், அவசரப்படக் கூடாது, ஏன்னா பிட்டர்ஸ் இவ்வளவு இருந்தா நுரை பயங்கரமா கட்டும். பாதி ஊத்தி, நுரை அடங்கட்டும்னு நின்னு, மீதியை ஊத்தினேன். அந்த செவப்பு மெதுவா மேல ஏறி, வெளிறி, ரோஸாகி... சித்தப்பா பேசாம பார்த்துட்டிருந்தார். குடிச்சார். கண்ணை மூடினார். "விஸ்கி எங்கன்னு தேட வைக்குது. ஆனா தேடறது நல்லாத்தான் இருக்கு." இந்திராநகர்ல நான் குடுத்த காசுக்கு யாரும் எனக்கு இப்படி ஒரு வரி எழுதித் தரல.

அப்போதான் இந்த சீல்பாக் கதையைச் சொன்னேன். கென்டக்கியில லூயிவில்னு ஊரு, சீல்பாக்னு பெரிய ஓட்டல், 1905ல திறந்தது. 1917 வாக்குல அங்க ஒரு பார்காரன் ஷாம்பெயினைத் திறக்க, அது பொங்கி வழிய, கைக்குக் கிடைச்ச ஒரு மேன்ஹாட்டன், அதாவது விஸ்கி காக்டெயில் இருந்த கிளாஸ்ல அதைப் புடிக்க, அதுல பொறந்ததாம் இந்த ஐட்டம். அப்புறம் 1920ல அமெரிக்கா பூரா மதுவிலக்கு வந்துடுச்சு, ரெசிபி தொலைஞ்சு போச்சு. 1995ல அந்த ஓட்டல் பார்ல இருந்த ஆடம் சீகர்ங்கறவர் அதைத் திரும்பக் கண்டுபுடிச்சதா சொல்லி மெனுல போட்டார், ரெண்டு வருஷத்துல காக்டெயில் புத்தகத்துல ஏறிச்சு, உலகம் பூரா பார்கள்ல கிளாசிக் ஆயிடுச்சு. 2016ல அவரே நியூயார்க் டைம்ஸ்காரங்க கிட்ட ஒத்துக்கிட்டார், ரெசிபியும் இல்ல, 1917ம் இல்ல, பொங்கி வழிஞ்ச ஷாம்பெயினும் இல்ல, எல்லாம் நானே கட்டினதுன்னு. இருபது வருஷத்துக்கு மேல ஒரு பய கண்டுபுடிக்கல. இந்திராநகர் மெனுல இன்னும் 1917தான் ஓடுது.

எனக்கு இதைப் படிச்சப்போ முதல்ல எரிச்சல்தான். அப்புறம் யோசிச்சா, பொய் சொல்றவன் வழக்கமா அடுத்தவன் சாமானைத் தன்னுதுன்னுதான் சொல்லுவான், இவர் தன் சாமானைத் தூக்கி எவனோ பேரு தெரியாத செத்துப்போன பார்காரனுக்குக் குடுத்துட்டாரே. ஓட்டலுக்கு விளம்பரம் ஆகட்டும்னுதான் பண்ணினார், தர்மம் ஒண்ணும் இல்ல. ஆனா இது நமக்குப் புதுசா என்ன? சித்த மருத்துவத்துல அகத்தியர் பேர்ல இருக்கற பாட்டெல்லாம் ஒரே அகத்தியரா எழுதினாரு? எந்தெந்தக் காலத்துலயோ யாரார் வீட்டுத் திண்ணையிலயோ உக்காந்து எவனோ ஒரு வைத்தியன் தான் கண்ட லேகியத்தை எழுதி, என் பேரைப் போட்டா யார் மதிப்பான்னு அகத்தியர் பேரை வெச்சிருக்கான். ஔவையார்ன்னு எத்தனை பேர் இருந்தாங்கன்னே இன்னும் பேசிட்டிருக்கோம். கசப்பு மருந்துன்னா பழைய பேர் இருந்தாத்தான் தொண்டையில இறங்கும் போல. லூயிவில்காரருக்கு அகத்தியர் தெரிஞ்சிருக்க நியாயமில்ல, அவருக்குக் கிடைச்சது ஒரு ஓட்டல்.

இதையெல்லாம் சொல்லி முடிச்சு நிமிர்ந்து பார்த்தா சித்தப்பா கடலைத் தோலை மேஜை மேல வரிசையா அடுக்கிட்டிருக்கார். ரொம்ப நேரம் பேசல.

"உங்க தாத்தா பட்லர் இல்லடா."

நான் கிளாஸைக் கீழ வெச்சேன்.

"கிளாஸ் தொடைக்கிற வேலை. கடைசி வரைக்கும் அதான். விஸ்கி பாட்டிலைத் தொட விட மாட்டாங்க, பார் பக்கமே போகக் கூடாது, பின்கட்டுல உக்காந்து கழுவி வர்ற கிளாஸைத் தொடைச்சு அடுக்கணும். முப்பது வருஷம்." சித்தியைப் பொண்ணு பார்க்கப் போனப்போ, அவங்கப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ்ல சுபேதாரா இருந்து ரிட்டயர் ஆனவர், மீசையை நீவிக்கிட்டே உங்கப்பா என்ன பண்ணாருன்னு கேட்டிருக்கார். சித்தப்பாவுக்குக் கிளாஸ் தொடைச்சார்னு சொல்ல வாய் வரல. அந்த எடத்துலயே, அந்த நிமிஷத்துலயே, பட்லர், மேஜர், இஞ்சிச் சாறு எல்லாம் வந்துடுச்சாம். மேஜர்னு ஏன் சொன்னேன்னா மாமனாரு சுபேதாரு, அவரை விட ஒசந்த ரேங்க்கா இருக்கட்டும்னு சொன்னேன்டான்னார். லண்டன் கிளப்பு பின்னாடி சேர்ந்தது. அதை யார் சேர்த்தாங்கன்னு அவருக்கே தெரியல. ஒருவேளை நானாக் கூட இருக்கும்.

கிச்சன் கதவு திறந்துச்சு. சித்தி வெளிய எட்டிப் பார்த்து, சித்தப்பா கிட்ட, "அது கல்யாணம் ஆன ஒரே வாரத்துல எனக்குத் தெரியும். உங்கம்மாவே சொல்லிட்டாங்க"ன்னாங்க. நாப்பத்தஞ்சு வருஷத்துக்கும் மேல இவர் அதைக் கட்டிக் காப்பாத்திட்டிருந்திருக்கார், அவங்களும் விட்டுட்டிருந்திருக்காங்க. அப்படியே வந்து சித்தப்பா கிளாஸை எடுத்து ஒரே ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டு, "அரிஷ்டத்துல கோலி சோடா ஊத்தினா இப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. சீல்பாக்குக்கு இதை விடக் கரெக்டான விமர்சனம் நான் படிச்சதில்ல.

சித்தப்பா மூஞ்சி தொங்கிப் போயிருந்துச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, கிளாஸைப் பார்த்துட்டிருந்தேன். அடியில ஒரே ஒரு புள்ளியில இருந்து குமிழி நூல் புடிச்ச மாதிரி விடாம மேல ஏறிட்டிருந்துச்சு. அப்போதான் ஞாபகம் வந்துச்சு. ஃபிரான்ஸ்ல ரேன்ஸ் யுனிவர்சிட்டியில ஜெரார் லிஷே பெலேர்னு ஒரு பிஸிக்ஸ் புரொபசர், இந்தக் குமிழியையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினவர். கிளாஸ் சுத்தமோ சுத்தமா, தூசி கீறல் எதுவும் இல்லாம இருந்தா ஷாம்பெயின் கிளாஸ்ல குமிழியே பெருசா வராது, சும்மா நிக்கும். குமிழி பொறக்க ஒரு எடம் வேணும். அந்த எடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பஞ்சு நார், காத்துல இருந்து விழுந்ததோ, இல்ல கிளாஸைத் தொடைச்ச துணியில இருந்து ஒட்டினதோ. நாருக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கற துளி காத்துல இருந்துதான் ஒவ்வொரு குமிழியும் கிளம்புது.

இதைச் சொன்னேன். சித்தப்பா கிளாஸைத் தூக்கி டியூப்லைட்டுக்கு எதிர்ல புடிச்சு, ஒரு கண்ணை மூடி, அந்த நூலையே பார்த்தார்.

"அப்போ அந்த ஓட்டல்ல துரைங்க குடிச்ச நுரையெல்லாம் எங்கப்பா துணியில இருந்து வந்ததுன்றியா?"

எல்லாமே இல்ல சித்தப்பா, ஆனா நிறைய வந்திருக்கும்னேன்.

"ச்சே. இது அப்பவே தெரிஞ்சிருந்தா பொண்ணு பார்க்கப் போன எடத்துல இதையே சொல்லியிருப்பேன்டா."